கடைமடை வரை ஓர் அணு

நெதர்லாந்தின் வடகடல் கரையில், மணல்மேடுகளுக்கு நடுவே பெட்டன் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே 1961 முதல் ஓர் அணு உலை இயங்கி வருகிறது. மின்சாரத்துக்காகக் கட்டப்பட்டதல்ல அது. நீருக்குள் மூழ்கியிருக்கும் அதன் மையத்தில், யுரேனியமும் அலுமினியமும் சேர்ந்த மெல்லிய தகடுகளைச் செருகி, ஏறத்தாழ ஒரு வாரம் நியூட்ரான்கள் மோதும்படி வைத்திருந்து எடுக்கிறார்கள். நூறு யுரேனிய அணுக்கள் பிளந்தால், அவற்றில் ஆறிலிருந்து மாலிப்டினம்-99 கிடைக்கும். மீதியில் பெரும்பகுதி கழிவு. அந்த ஆறுக்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

ஏனென்றால் மாலிப்டினம்-99 சிதையும்போது டெக்னீசியம்-99எம் என்ற அணு பிறக்கிறது. அதன் அரை ஆயுள் ஆறு மணி நேரம். ரத்தக்குழாய் அடைபட்டு வரும் ஒரு மூளைக்குள் நுழைந்து, ரத்தம் எங்கே போய்ச் சேர்கிறது, எங்கே சேரவில்லை என்று சொல்லக்கூடிய அணு அது. பெட்டனில் தொடங்கி, ஜப்பானில் ஒரு குழந்தையின் மூளையில் முடியும் அதன் பயணத்தைத்தான் இங்கே பின்தொடரப் போகிறோம்.

தகடுகள் உலையை விட்டு வெளியே வந்த கணத்திலிருந்து கடிகாரத்தோடு போட்டி. மாலிப்டினம்-99இன் அரை ஆயுள் 66 மணி நேரம். மணிக்கு ஒரு சதவீதம் வீதம் சரக்கு தானாகவே குறைந்துகொண்டிருக்கும். ஒரு நாள் தாமதித்தால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். கிடங்கில் சேர்த்து வைத்து, தட்டுப்பாடு வரும்போது எடுத்துக் கொடுக்க முடியாத பண்டம் இது. இதன் வணிகமும் அப்படித்தான். இன்று எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து விலை பேசுவதில்லை. ஆலையை விட்டுக் கிளம்பி ஆறு நாள் கழித்து எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்பதை வைத்தே பேசுகிறார்கள்.

தகடுகளைத் தண்ணீருக்கடியில் சில மணி நேரம் ஆறவிட்டு, கவசப் பெட்டகத்தில் வைத்துப் பிரித்தெடுக்கும் அறைக்குக் கொண்டு போகிறார்கள். தடித்த ஈயக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஆட்கள். அந்தப் பக்கம் அவர்கள் அசைக்கும் இயந்திரக் கைகள். தகடுகள் காரக் கரைசலில் கரைக்கப்படுகின்றன. அயோடின், செனான், சீசியம் எனப் பிளவில் பிறந்த மற்றவை ஒவ்வொன்றாக ஒதுக்கப்பட, கடைசியில் மாலிப்டினம் மட்டும் ஒரு தெளிந்த திரவமாகக் குப்பிக்குள் வருகிறது. குப்பி கைக்கடக்கம்தான், அதைச் சுமக்கும் கவசப் பெட்டியைத் தூக்கத்தான் இயந்திரம் வேண்டியிருக்கிறது. அன்றைக்கே அது விமானம் ஏறியாக வேண்டும்.

ஜப்பான் மாலிப்டினம்-99க்கு நெடுங்காலமாக இறக்குமதியையே நம்பியிருக்கும் நாடு. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தில் ஓர் எரிமலை வெடித்துச் சாம்பல் பரவியபோது ஐரோப்பாவின் வான்வெளி நாள்கணக்கில் மூடப்பட்டது. வடஅட்லாண்டிக்கில் எழுந்த சாம்பல், டோக்கியோவில் ஸ்கேனுக்குத் தேதி வாங்கியிருந்தவர்கள்வரை எட்டியது.

இந்த டெக்னீசியத்தின் முதல் பயணமும் கடல் கடந்ததுதான். தனிம அட்டவணையில் 43ஆம் இடம் நெடுநாள் காலியாகவே கிடந்தது. 1937இல், கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் எர்னஸ்ட் லாரன்ஸ் நடத்திய சைக்ளோட்ரானில் பயன்பட்டு ஒதுக்கப்பட்ட மாலிப்டினத் தகடு ஒன்று, இத்தாலியின் பலேர்மோ நகருக்கு எமிலியோ செக்ரேயிடம் வந்து சேர்ந்தது. அவரும் கார்லோ பெரியரும் அதைக் கரைத்து ஆராய்ந்து, அந்தக் காலியிடத்துக்கு உரிய தனிமம் அதற்குள் இருப்பதைக் கண்டார்கள். மனிதன் செயற்கையாக உண்டாக்கிய முதல் தனிமம் அது. அடுத்த ஆண்டு பெர்க்லியில் செக்ரேயும் கிளென் சீபோர்க்கும் அதன் ஆறு மணி நேர வடிவத்தை இனம் கண்டார்கள். அப்போது அது மருத்துவத்துக்கு உதவும் என்று நினைத்தவர் யாருமில்லை.

இருபது ஆண்டு கழிந்தது. நியூயார்க் அருகே புரூக்ஹேவன் ஆய்வகத்தில் வால்டர் டக்கரும் மார்கரெட் கிரீனும் அயோடின்-132 தரும் ஒரு கருவியைச் செம்மைப்படுத்திக்கொண்டிருந்தார்கள். திரும்பத் திரும்ப ஒரு மாசு தலைகாட்டியது. அது மாலிப்டினத்திலிருந்து பிறந்த டெக்னீசியம்-99எம் என்று தெரிந்ததும், அந்த மாசையே பொருளாக எடுத்துக்கொண்டு ஒரு ஜெனரேட்டர் செய்தார்கள். காப்புரிமை பற்றிய பேச்சு வந்தபோது, இதற்குச் சந்தை இராது என்று அது கைவிடப்பட்டது. சந்தையைக் காட்டியது ஒரு விமானப் பயணம். 1960இல் ரோம் நகருக்குப் போன விமானத்தில் புரூக்ஹேவனைச் சேர்ந்த பவல் ரிச்சர்ட்ஸும் சிகாகோவின் அறுவை மருத்துவர் பால் ஹார்ப்பரும் சந்தித்தார்கள். ரிச்சர்ட்ஸ் வழிநெடுகிலும் டெக்னீசியத்தின் பெருமையையே பேசினார். சில ஆண்டுகளில் ஹார்ப்பர் குழு அதை நோயாளிகளிடம் பயன்படுத்தத் தொடங்கியது. இன்று உலகில் ஆண்டுக்கு 3 கோடிக்கும் மேற்பட்ட பரிசோதனைகள் இந்த அணுவை நம்பி நடக்கின்றன.

ஜெனரேட்டர் என்றதும் பெரிய இயந்திரத்தை எண்ண வேண்டாம். ஈயக் கவசத்துக்குள் விரல் அளவுள்ள ஒரு குழாய், அதற்குள் அலுமினா என்ற வெள்ளைப் பொடி. மாலிப்டினம் அந்தப் பொடியை இறுகப் பற்றிக்கொள்ளும். அது சிதைந்து பிறக்கும் டெக்னீசியத்துக்கு அந்தப் பிடிப்பு இல்லை. மேலிருந்து உப்புநீரை ஓடவிட்டால் மாலிப்டினம் அங்கேயே தங்க, டெக்னீசியம் மட்டும் நீரோடு இறங்கி வந்துவிடும். மறுநாள் காலைக்குள் குழாயில் மறுபடியும் டெக்னீசியம் நிறைந்திருக்கும். ஆறே மணி நேரம் வாழும் அணுவைக் கடல் கடத்திக் கொண்டுவர இதைவிட எளிய வழி இல்லை: பயணம் தாய்க்கு, பிறப்பு மருத்துவமனையில்.

இனி மருத்துவமனைக்குள் போவோம். ஊர் செண்டாய், ஜப்பானின் வடகிழக்கு. அந்த ஊரின் தோஹோகு பல்கலைக்கழகத்து நரம்பியல் அறுவை மருத்துவர் ஜிரோ சுஸுகி, அகிரா தகாகுவோடு சேர்ந்து 1969இல் ஒரு நோய்க்குப் பெயர் வைத்தார்: மோயாமோயா. ஜப்பானில் 1957இலேயே தகேயுச்சியும் ஷிமிஸுவும் விவரித்திருந்த நோய்தான். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி, மண்டையோட்டுக்குள் நுழைந்து கிளை பிரியும் இடத்தில் இரு பக்கமும் மெல்ல மெல்லச் சுருங்கி வரும். ஈடுகட்ட, மூளையின் அடியில் இழை இழையாகச் சிறு குழாய்கள் பெருகும். ஆஞ்சியோகிராமில் அந்த இழைக்கூட்டம் புகைப்படலமாகத் தெரிந்ததால் வந்த பெயர் அது. கிழக்காசியாவில் இந்நோய் அதிகம். அங்குள்ளவர்களில் பலருக்கு ஆர்.என்.எஃப்.213 என்ற மரபணுவில் ஒரே மாற்றம் இருப்பது 2011இல் தெரியவந்தது. வயது வந்தோருக்கு இது மூளையில் ரத்தக்கசிவாகவும் வரும். குழந்தைகளிடம் வருவது வேறு விதம்.

ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். ஆவி பறக்கும் நூடுல்ஸை ஊதி ஊதிச் சாப்பிடும்போது அவள் கையிலிருந்து குச்சிகள் நழுவி விழுகின்றன. வலக்கை சில நிமிடம் சொன்னபடி கேட்பதில்லை, பிறகு சரியாகிவிடுகிறது. இன்னொரு நாள் அழுது ஓய்ந்த பிறகு பேச்சு குழறுகிறது. பள்ளியில் ஹார்மோனிகா வாசிக்கும்போது மறுபடியும் கை. இந்த நோயுள்ள குழந்தைகளின் பெற்றோர் மீண்டும் மீண்டும் சொல்லும் கதை இதுதான். ஊதும்போதும் அழும்போதும் மூச்சு வேகமாகப் போய்வர, ரத்தத்தில் கார்பன் டையாக்சைடு குறைகிறது. அது குறைந்தால் மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கும். மற்றக் குழந்தைகளுக்கு இதனால் ஒன்றும் ஆவதில்லை. இவளுக்கோ இருப்பதே சிறிதளவுதான்.

காவிரிப் பாசனத்தில் மேட்டூர் அணை திறந்த செய்தியைக் கேட்டுக் கடைமடை விவசாயி நிம்மதி அடைந்துவிடுவதில்லை. வாய்க்கால் வரைபடத்தில் தன் ஊர்வரை கோடு போட்டிருக்கிறது என்பதும் அவருக்குப் போதாது. தண்ணீர் தன் வயலில் ஏறியதா என்பதே அவர் கேள்வி. மூளைக்கும் கடைமடை உண்டு. இரண்டு பெரிய தமனிகளின் பாசனம் முடிந்து ஒன்றையொன்று தொடும் எல்லைப் பகுதிகள் அவை. ஓட்டம் குறைந்தால் முதலில் காய்வது அங்கேதான். ஆஞ்சியோகிராம் வாய்க்காலைக் காட்டும். வயலில் தண்ணீர் ஏறியதா என்று பார்க்கத்தான் டெக்னீசியம் வரவழைக்கப்படுகிறது.

ஆனால் உப்புநீரில் கழுவி எடுத்த டெக்னீசியம் அப்படியே மூளைக்குள் போகாது. மூளையின் நுண்குழாய்ச் சுவர்கள் மிக இறுக்கமானவை. நீரில் கரையும் அயனிகளை அவை உள்ளே விடுவதில்லை. 1960களின் மூளை ஸ்கேன்கள் இந்தத் தடை உடைந்த இடத்தைத்தான் காட்டின: கட்டி இருந்தால் அங்கே மட்டும் டெக்னீசியம் கசிந்து தெரியும். ரத்த ஓட்டத்தைப் பார்க்கக் கொழுப்பில் கரையும் ஒரு துணை தேவைப்பட்டது. 1980களில் இங்கிலாந்தில் உருவான ஹெச்.எம்.பி.ஏ.ஓ. என்ற மூலக்கூறு அந்தத் துணையாயிற்று.

காலை வேளையில் மருந்தகத்தில் நடப்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். கண்ணாடிக் குப்பிக்குள் உறைந்துலர்த்திய பொடி அரை மில்லிகிராம், கூடவே மைக்ரோகிராம் கணக்கில் வெள்ளீய உப்பு. காற்று பட்டால் வெள்ளீயம் கெட்டுவிடும் என்பதால் குப்பி நைட்ரஜனால் நிரப்பப்பட்டிருக்கும். ஜெனரேட்டரில் எடுத்த டெக்னீசியம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது. அதோடு மாலிப்டினம் கசிந்து வந்திருக்கிறதா என்ற சோதனையும் முடிந்திருக்க வேண்டும். பிறகுதான் அதைக் குப்பிக்குள் செலுத்துவார்கள். வெள்ளீயம் டெக்னீசியத்தின் வேதிநிலையை மாற்ற, மூலக்கூறு அதைத் தன் நடுவே பிடித்துக்கொள்கிறது. இந்தச் சேர்க்கையும் நிலையானதல்ல. நிலைப்படுத்தும் பொருள் சேர்க்காத குப்பி என்றால் அரை மணி நேரத்துக்குள் ஊசி போட்டுவிட வேண்டும். கடலையும் கண்டத்தையும் கடந்து வந்த பொருளுக்குக் கடைசிக் கெடு முப்பது நிமிடம்.

வயது வந்தவருக்கு வழக்கமான அளவு 740 மெகாபெக்கரல், அதாவது நொடிக்கு 74 கோடி அணுச் சிதைவுகள். அத்தனைக்கும் வேண்டிய டெக்னீசியம்-99எம்மின் எடையைக் கணக்குப் போட்டால் ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்ததில் நான்கு பங்குக்கும் குறைவு. குழந்தைக்கு, உடல் எடைக்கு ஏற்ப இன்னும் குறைப்பார்கள்.

அறைக்குள் சிறுமி படுத்திருக்கிறாள். அவள் கையில் ஊசி குத்துவது இப்போதல்ல. நரம்பில் குழாய் முன்பே பொருத்தப்பட்டு, அந்த வலி அடங்கி, அழுகை நிற்கும்வரை காத்திருந்தாகிவிட்டது. விளக்கு தணிக்கப்பட்டிருக்கிறது. தாய் பக்கத்தில் இருக்கிறார். குழாய் வழியே மருந்து சத்தமில்லாமல் உள்ளே போகிறது. இந்த அமைதி வெறும் அன்புக்காக மட்டும் செய்யப்படுவதல்ல. மருந்து மூளைக்குள் படிவது ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த நேரத்தில் அவள் அழுதால், பதிவாவது அழும் மூளையின் ஓட்டம். பிறகு எத்தனை மணி நேரம் படமெடுத்தாலும் அதுவே திரும்பத் திரும்ப வரும். இந்த நோயில் அழுகை எவ்வளவு பெரிய விஷயம் என்பதை மேலே பார்த்தோம்.

அணு இப்போது கைச் சிரையிலிருந்து இதயத்தின் வலப்பக்கம், நுரையீரல், இதயத்தின் இடப்பக்கம், பெருந்தமனி, கரோட்டிட் என்று கால் நிமிடத்தில் கழுத்தைத் தாண்டிவிடுகிறது. மண்டையோட்டுக்குள் பாதை குறுகுகிறது. சில அணுக்கள் அந்த இடுக்கிலேயே நுழைகின்றன, சில புகைப்படலம் போன்ற இழைகளில் சுற்றுகின்றன, சில பின்மூளைத் தமனி வழியே வளைந்து வருகின்றன. எந்த வழியாக வந்தாலும் சரி, நுண்குழாயை எட்டியதும் கொழுப்பில் கரையும் மூலக்கூறு சுவரைத் தாண்டி மூளைச் செல்லுக்குள் புகுந்துவிடும். அங்கே குளூட்டாதயோன் போன்ற வேதிப்பொருள்களோடு வினைபுரிந்து நீரில் கரையும் வடிவத்துக்கு மாறுகிறது. கொழுப்பில் கரைந்தபோது திறந்த கதவு இப்போது திறக்காது. உள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஊசியில் போன மருந்தில் நூற்றில் ஐந்து பங்கு அளவே மூளையில் இப்படித் தங்குகிறது. அதிக ரத்தம் வந்த இடத்தில் அதிகம், குறைவாக வந்த இடத்தில் குறைவு.

படமெடுக்கும் வேலையை இனி அவசரப்படாமல் செய்யலாம். தங்கிய அணு ஒவ்வொன்றும் தன் நேரம் வரும்போது 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள காமா கதிரை விடுகிறது. மண்டையோட்டைத் தாண்ட அந்த ஆற்றல் போதும். ஈயத்துக்குக் கட்டுப்படும் அளவு மிதமானதும்கூட. கேமராவின் முகப்பில் ஆயிரக்கணக்கான துளைகளுள்ள ஈயத் தட்டு. நேராக வரும் கதிர்களை மட்டும் அது விடும். பத்தாயிரத்தில் ஓரிரண்டுதான் தேறும். தேறியவை சோடியம் அயோடைடு படிகத்தில் மோதி ஒளிப்பொறியாகின்றன. 1950களின் பிற்பாதியில் பெர்க்லியில் ஹால் ஆங்கர் வடித்த அமைப்பு இது. கேமரா தலையைச் சுற்றி வரவர, எல்லாக் கோணத்துக் கணக்கையும் சேர்த்துக் கணினி குறுக்குவெட்டுப் படங்களைக் கட்டுகிறது. ஸ்பெக்ட் ஸ்கேன் என்று மருத்துவமனைகளில் சொல்வது இதைத்தான். ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் கீழே இது அவ்வளவு தெளிவாகப் பார்க்காது. ஆனால் பார்ப்பது ஓட்டத்தை.

பிலடெல்ஃபியாவில் சீமோர் கெட்டியும் கார்ல் ஷ்மிட்டும் 1940களில் நைட்ரஸ் ஆக்சைடை மூச்சில் கொடுத்து அளந்ததிலிருந்து நமக்குத் தெரியும்: 100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்கு 50 மில்லிலிட்டருக்குச் சற்று மேல் ரத்தம் போகிறது. அது 20க்குக் கீழே இறங்கினால் செல் வேலையை நிறுத்தும். 10ஐ நெருங்கினால் சாகும். இடையிலுள்ள இடம்தான் மருத்துவருக்கு வாய்த்த அவகாசம்.

சிறுமியின் முதல் நாள் படத்தில் இடப்பக்கம் சற்றே மங்கல். மோசமென்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் படத்தை மட்டும் நம்பக்கூடாது. வரத்து குறையக் குறைய மூளை தன் சிறு குழாய்களை விரித்து விரித்து ஓட்டத்தைச் சமாளிக்கும். கடைசி எல்லைவரை விரித்துவிட்டுப் பார்வைக்கு நன்றாக இருக்கும் மூளையும் உண்டு. அதனிடம் எவ்வளவு கையிருப்பு மிச்சம் என்பதுதான் அறிய வேண்டியது. அதற்கு இன்னொரு நாள், இன்னோர் ஊசி. ஆறு மணி நேர ஆயுள் இங்கே வரமாகிறது: 24 மணி நேரத்தில் நேற்றைய டெக்னீசியம் பதினாறில் ஒரு பங்காகிவிட்டிருக்கும்.

இரண்டாம் நாள், டெக்னீசியத்துக்கு முன்பு அசெட்டசோலமைடு என்ற மருந்தைச் சிரை வழியே கொடுக்கிறார்கள். அது மூளையின் ரத்தக்குழாய்களை விரிக்கும். வயது வந்தவருக்கு ஒரு கிராம். குழந்தைக்கு எடை பார்த்து. பதினைந்து இருபது நிமிடத்தில் விரல் நுனியும் உதடும் மரமரக்கும். நலமான மூளையில் ஓட்டம் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ கூடும். ஏற்கெனவே விரிந்து முடிந்த பகுதியில் கூடாது. சில சமயம் அங்கே குறையவும் செய்யும், ஏனென்றால் விரிந்த நல்ல பகுதிகள் ரத்தத்தை இழுத்துக்கொள்கின்றன. அதனால்தான் இந்தச் சோதனையை மருத்துவர் பக்கத்தில் இருக்க, ரத்த அழுத்தத்தைக் கவனித்தபடி செய்கிறார்கள். இரண்டு நாள் படங்களையும் அடுத்தடுத்து வைக்கும்போது, முதல் நாள் சற்றே மங்கலாக இருந்த பகுதி இப்போது குழியாகத் தெரிகிறது. நூடுல்ஸ் குச்சி நழுவியதன் காரணம் அது.

வடிவத்தைப் பார்த்து ஓட்டத்தை ஊகிப்பது எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு வரலாறு உண்டு. சூரிச்சில் காஸி யாசர்கில் 1967இல் செய்த அறுவை ஒன்று உலகெங்கும் பரவியது: காதுக்கு முன்னால் துடிக்கும் தலைத்தோல் தமனியை மண்டையோட்டுத் துளை வழியே இறக்கி, மூளைப்பரப்பின் தமனியோடு இணைப்பது. கரோட்டிட் அடைப்புக்கு அது பயன்படுகிறதா என்று 1,377 நோயாளிகளிடம் சோதித்து 1985இல் வெளியான ஆய்வு, பயனில்லை என்றது. அந்த ஆய்வு நோயாளிகளைத் தேர்ந்தது அடைப்பைப் பார்த்துத்தான், கையிருப்பை அளந்தல்ல. பிறகு பெட் என்ற இன்னொரு வகை ஸ்கேனால் ஓட்டத்தின் பற்றாக்குறையை அளந்து தேர்ந்து நடத்திய அமெரிக்க ஆய்வும் 2010இல் கைவிடப்பட்டது. அறுவையை ஒட்டி வந்த பக்கவாதங்கள் லாபத்தைத் தின்றுவிட்டன. அளப்பது முதல் படிதான். ஆனால் மோயாமோயா வேறு நோய். ரத்தக்கசிவு வந்த ஜப்பானிய நோயாளிகள் 80 பேரிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், ஐந்தாண்டில் மறு கசிவு அறுவை செய்யாதவர்களிடம் 31.6 சதவீதம், இருபுறமும் இணைத்தவர்களிடம் 11.9 சதவீதம்.

சிறுமிக்கு அறுவை நடக்கிறது. ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள குழாய்களை நுண்ணோக்கியின் கீழ், தலைமுடியைவிட மெல்லிய நைலானால் தைக்கிறார்கள். இரண்டு மூன்று நாள் கழித்து அவளுக்கு மறுபடியும் பேச்சு குழறுகிறது. என்ன நடந்திருக்கும்? புதுக்குழாய் போதாமல் ரத்தம் குறைந்திருக்கலாம். அப்படியென்றால் ரத்த அழுத்தத்தை இறங்க விடக்கூடாது, நீர் ஏற்ற வேண்டும். அல்லது ஆண்டுக்கணக்கில் காய்ந்து, குழாயெல்லாம் விரிந்து கிடந்த பகுதியில் திடீரென்று ரத்தம் பாய்ந்து மிகுந்திருக்கலாம். அப்படியென்றால் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் கசியும். அறிகுறி ஒன்று, சிகிச்சை இரண்டும் எதிரெதிர். படுக்கையருகே நின்று பார்த்துச் சொல்லிவிட முடியாது. அன்று காலை ஜெனரேட்டரில் எடுத்த டெக்னீசியம் சொல்கிறது: தைத்த இடத்தைச் சுற்றி ஓட்டம் மிகுந்து பளிச்சிடுகிறது. அழுத்தத்தைக் குறைக்கிறார்கள். நாட்போக்கில் பேச்சு தெளிகிறது. தோஹோகு பல்கலைக்கழக மருத்துவர்கள் உன்னிப்பாக ஆராய்ந்து எழுதிய சிக்கல்களில் இது ஒன்று.

எம்.ஆர்.ஐ. இருக்கிறதே, கதிரியக்கமே இல்லாமல் ஓட்டத்தைக் காட்டுமே என்று கேட்கலாம். காட்டும். கழுத்தில் ரத்தத்தைக் காந்தத்தால் அடையாளமிட்டு, மூளையில் அதைத் தேடும் முறை அது. ஆனால் அந்த அடையாளம் இரண்டொரு நொடியில் அழியத் தொடங்கிவிடும். மோயாமோயாவில் ரத்தம் சுற்று வழியில் தாமதமாக வருவதால், வந்து சேர்ந்த ரத்தமும் வராததாகத் தெரியக்கூடும். ஆறு மணி நேரம் அணையாத அடையாளத்துக்கு இன்னும் வேலை இருக்கிறது.

அந்த அடையாளம் உலகில் விரல்விட்டு எண்ணத்தக்க சில உலைகளிலிருந்தே வருகிறது. அவற்றில் பல 1960களில் கட்டியவை. 2009 மே மாதம் கனடாவின் சாக் ரிவர் உலை கனநீர்க் கசிவால் நின்றது. ஓராண்டுக்கு மேல் திறக்கவில்லை. அதற்குள் 2010 பிப்ரவரியில் பெட்டனும் பழுதுபார்ப்புக்காக மாதக்கணக்கில் மூடப்பட்டது. பல நாடுகளில் ஸ்கேன்கள் ஒத்திப்போடப்பட்டன. சாக் ரிவர் உலை 2018இல் நிரந்தரமாக மூடப்பட்டுவிட்டது. பெட்டனில் பழைய உலைக்குப் பதிலாக பல்லாஸ் என்ற புதியது எழுப்பப்படுகிறது. ஆயுதத்துக்கு உதவும் செறிவூட்டிய யுரேனியத்தை விட்டுக் குறைந்த செறிவுக்கு மாறும் வேலையும் இந்தத் துறையில் பெருமளவு நடந்து முடிந்திருக்கிறது.

இந்த உலைகளின் செலவு நெடுங்காலம் ஆராய்ச்சிக் கணக்கிலேயே எழுதப்பட்டு வந்தது. அரசுகள் கட்டின, மருத்துவமனைகள் மலிவாக வாங்கின, உலை கிழடானபோது யார் புதுப்பிப்பது என்ற கேள்விக்கு ஆளில்லை. சிறுமியின் மூளையில் அந்த இரண்டு நிமிடத்தில் படிந்தது என்னவென்று தெரிந்ததால்தான் எங்கே தைப்பது, எப்போது அழுத்தத்தைக் குறைப்பது என்று அவளுடைய மருத்துவர்களால் முடிவெடுக்க முடிந்தது. அந்த இரண்டு நிமிடத்துக்கு உலை, பிரிப்பறை, விமானம், லாரி, விடிகாலை மருந்தகம் எல்லாம் வரிசை தவறாமல் வேலை செய்திருக்க வேண்டும். அறுவை அரங்குக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் ஆகும் செலவோடு இந்த வரிசைக்கான செலவையும் மருத்துவச் செலவாகவே எழுதி, அதற்கு முன்கூட்டியே பணம் ஒதுக்க வேண்டும். சேர்த்து வைக்க முடியாத மருந்துக்கு வேறு பாதுகாப்பு இல்லை.